ஆயுள் முழுதும் தொடரும் முத்திரை

ஒழுங்கீனத்துக்காகப் படையிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் கோப்புகளை அமெரிக்கா மறுபடி திறக்கிறது. அது ஏன் நியாயம்?

அமெரிக்க ராணுவத்தை விட்டு வெளியேறும் வீரருக்கு ‘டிடி 214’ என்றொரு படிவம் தரப்படுகிறது. ஒற்றைத் தாள்தான். எந்தப் பிரிவில் இருந்தார், எத்தனை ஆண்டு பணியாற்றினார், என்னென்ன பதக்கங்கள் பெற்றார் என்பதெல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். ஆனால், வெளியே வந்தபின் அவருடைய பிழைப்பைத் தீர்மானிப்பது தாளின் அடிப்பகுதி. 24-வது கட்டம் அவருடைய பணி எத்தகையது என்று தரம் பிரிக்கிறது. 27-வது கட்டத்தில் உள்ள குறியீடு, மறுபடி படையில் சேர முடியுமா என்று சொல்கிறது. 28-வது கட்டத்தில் அவர் அனுப்பப்பட்ட காரணம் இருக்கிறது. அடிப்பகுதி இல்லாத சுருக்கப் பிரதி ஒன்றும் வீரருக்குக் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அதிகம் செய்ய முடியாது. வேலை கொடுப்பவரும் அரசு அலுவலகமும் கேட்பது முழுப் பிரதியை. அதில் ‘ஒழுங்கீனம்’ என்று அச்சாகியிருந்தால், நேர்காணல் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இரண்டு முறை போர்முனைக்குப் போய் வந்ததும் அதே தாளில்தான் இருக்கிறது. படிப்பவர் கண் அங்கே போவதில்லை.

படையிலிருந்து அனுப்புவதில் முக்கியமாக ஐந்து தரங்கள் உண்டு. முதலாவது, முழு மரியாதையுடன் கூடிய விடுவிப்பு. அடுத்தது ‘பொது’ விடுவிப்பு. பணி மொத்தத்தில் நன்று, சில குறைகள் உண்டு என்று பொருள். மூன்றாவது, மரியாதைக்கு உட்படாத விடுவிப்பு. இதற்கும் கீழே இருக்கும் தீநடத்தை விடுவிப்பையும் அவமதிப்பு விடுவிப்பையும் ராணுவ நீதிமன்றம் விசாரித்துத்தான் விதிக்க முடியும். மூன்றாவதற்கு நீதிமன்றம் தேவையில்லை. நிர்வாக உத்தரவே போதும். வீரர் விரும்பினால் ஒரு குழுவின் முன் தன் தரப்பைச் சொல்லலாம். பலர் அந்த உரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். ராணுவ நீதிமன்றத்தில் நிற்பதைத் தவிர்க்க, இந்த விடுவிப்பைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. இருபது, இருபத்திரண்டு வயதில், பல நாள் தூக்கம் கெட்டு, வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலையில் இருக்கும் ஒருவர் எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுவார். ஆறு மாதம் கழித்து அது தானாகவே நல்ல விடுவிப்பாக மாறிவிடும் என்ற வதந்தி வேறு காலங்காலமாக உலவுகிறது. அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.

கையெழுத்தின் விலை பிறகுதான் தெரியவரும். கல்லூரிப் படிப்புக்கான ஜிஐ பில் உதவி முழு மரியாதையுடன் வந்தவர்களுக்கே உரியது. ‘பொது’ விடுவிப்பு பெற்றவருக்குக்கூட அது கிடையாது. மூன்றாம் தரத்துக்கு இறங்கினால் மருத்துவ வசதியும் ஊன உதவித்தொகையும் ஐயத்துக்கு உரியவை ஆகிவிடும். முன்னாள் படைவீரர் நலத்துறை ஒவ்வொரு கோப்பாகப் பார்த்து, தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்யும். இவர்களில் பலருக்கு மனநலச் சிகிச்சையாவது தரப்பட வேண்டும் என்று சட்டம் வந்ததே 2018-ல்தான். வீதிக்கு வந்தவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பி நலத்துறை மருத்துவமனைகளுக்கு வந்தவர்களைப் பற்றி 2015-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் ஒழுங்கீனத்துக்காக அனுப்பப்பட்டவர்கள் 5.6 சதவீதம்தான். வீடற்றவர்களாக முதல்முறை மருத்துவமனைக்கு வந்தவர்களிலோ அவர்கள் ஏறத்தாழ கால் பங்கு.

இந்த முத்திரையை மறுஆய்வு செய்து தரம் உயர்த்த அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. தவறு செய்தவருக்குக் காட்டும் கருணையாகவே பலரும் இதைப் பார்க்கிறார்கள். எனக்கு அது நியாயத்தின் எஞ்சிய பகுதியாகப் படுகிறது. என்ன செய்தார் என்று மட்டும் விசாரித்து, ஏன் செய்தார் என்று விசாரிக்காமல் கொடுத்த தீர்ப்பு பாதித் தீர்ப்பு. மற்ற பாதியைக் கேட்பதுதான் மறுஆய்வு. அதைக் கேட்கும் கடமை, வீரரை அந்த நிலைக்குக் கொண்டுபோன அரசுக்கே முதலில் இருக்கிறது.

பெயர் இல்லாத நோய்

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களில் பெருந்தொகையினர் போதைப்பொருள், அனுமதியில்லாமல் முகாமை விட்டுப் போதல், மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை போன்ற குற்றங்களுக்காக மோசமான விடுவிப்புடன் அனுப்பப்பட்டார்கள். போர் மனதில் ஏற்படுத்தும் காயத்துக்கு அப்போது மருத்துவ ஏடுகளில் இன்றுள்ள பெயர் இல்லை. பிடிஎஸ்டி எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 1980-ல்தான் இடம்பெற்றது. அதற்குள் சைகோன் வீழ்ந்து, போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. நோய்க்கே பெயர் இல்லாதபோது அதைத் தன் தரப்பு வாதமாக எந்த வீரரும் வைத்திருக்க முடியாது. எந்த அதிகாரியும் அதைக் கணக்கில் எடுத்திருக்க முடியாது. கோப்பில் குற்றம் மட்டுமே மிஞ்சியது.

இந்நோயின் குறிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் உள்ள குற்றப் பட்டியலோடு அவை எப்படி ஒட்டிப் போகின்றன என்பது தெரியும். இரவெல்லாம் விழித்திருப்பவர் காலை அணிவகுப்புக்குத் தாமதமாக வருவார். கோப்பில் அது கடமை தவறுதல். சின்னச் சத்தத்துக்கும் உடல் போருக்குத் தயாராகிவிடுபவர், தோளைத் தொட்டவரைத் தள்ளிவிடுவார். கோப்பில் அது தாக்குதல். கண்ணை மூடினால் வரும் காட்சிகளை அடக்க ஒருவர் குடிப்பார், கஞ்சா பிடிப்பார். கோப்பில் அது போதைக் குற்றம். வெடிகுண்டு அதிர்வால் மூளை காயம்பட்டவருக்கு நினைவும் நிதானமும் தவறும். வெளியே ரத்தம் வராத காயம் என்பதால் அது சோம்பலாகவும் முரட்டுத்தனமாகவும் தெரியும். படைக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணோ ஆணோ, குற்றவாளி இருக்கும் அதே முகாமுக்குத் திரும்ப அஞ்சி ஓடிப்போனால், கோப்பில் அதற்குப் பெயர் அனுமதியில்லா விடுப்பு. பதிவானவை எல்லாம் நடந்த செயல்கள்தான், பொய் ஏதும் இல்லை. காரணத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை என்பதுதான் குறை.

நோய்க்குப் பெயர் வந்த பிறகு நிலைமை மாறியதா? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017 மே மாதம் ஓர் அறிக்கை தந்தது. 2011 முதல் 2015 வரையான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காகப் படையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 57,141 பேருக்கு, அதாவது 62 சதவீதத்தினருக்கு, அனுப்பப்படுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் பிடிஎஸ்டி, மூளைக்காயம் அல்லது வேறு சில மனநலக் கோளாறுகள் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள். அந்த 57,141 பேரில் 13,283 பேருக்கு மரியாதைக்கு உட்படாத விடுவிப்பே கிடைத்தது. இந்தக் கணக்கை நேர்மையாகப் படிக்க வேண்டும். அனுப்பப்பட்ட மொத்தப் பேரில் பிடிஎஸ்டியோ மூளைக்காயமோ இருந்தவர்கள் 16 சதவீதம். மற்றவர்களில் சூழலுக்கு ஒத்துப்போக இயலாமை, மது தொடர்பான கோளாறு போன்றவை அதிகம். நோய் இருந்தது என்பதாலேயே அதுதான் தவறுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. ஆனால், ஐந்தில் மூன்று பேருக்கு மருத்துவக் கோப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பை மட்டும் படித்து முடிவெடுப்பது எந்த விதத்திலும் நியாயம் ஆகாது. போர்முனைக்குப் போய்வந்து பிடிஎஸ்டி அல்லது மூளைக்காயம் கண்டறியப்பட்டவர்களை இப்படி அனுப்பும் முன் மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்று அதற்கு முன்பே சட்டம் இருந்தது. படைப்பிரிவுகள் அதைச் சீராகப் பின்பற்றவில்லை என்பதையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது.

நான்கு கேள்விகள்

மறுஆய்வுக்கான வாசல் புதிதாகத் திறந்ததில்லை. விடுவிப்பு மறுஆய்வு வாரியங்கள் 1944-ன் ஜிஐ பில் சட்டத்திலேயே உருவானவை. விடுவிக்கப்பட்ட 15 ஆண்டுகளுக்குள் அவற்றிடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்ததற்காக அவை தரத்தை இன்னும் கீழே இறக்க முடியாது. அதற்கு மேலே, 1946-ல் சட்டம் வகுத்துத் தந்த ராணுவ ஆவணத் திருத்த வாரியங்கள் இருக்கின்றன. பிழை தெரியவந்த மூன்று ஆண்டுகளுக்குள் அவற்றை அணுக வேண்டும், நியாயத்தின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்தவும் செய்யலாம். வாசல் இருந்தும் உள்ளே போனவர்களில் மிகப் பலர் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். அதிகாரிகள் செய்தது சரியாகத்தான் இருக்கும் என்ற அனுமானத்தோடு விசாரணை தொடங்கும். அதை உடைக்கும் சுமை விண்ணப்பதாரர் தலையில். வியட்நாம் போர் வீரர்கள் சிலர், யேல் சட்டக் கல்லூரியின் சட்ட உதவி மையத்தின் துணையோடு 2014-ல் வழக்குத் தொடுத்த பிறகே காற்று திசை மாறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் பாதுகாப்புத் துறைச் செயலர் சக் ஹேகல், பிடிஎஸ்டியைக் காரணம் காட்டும் விண்ணப்பங்களைத் தாராள மனதோடு பரிசீலிக்கும்படி சுற்றறிக்கை அனுப்பினார். தரைப்படையின் திருத்த வாரியத்தில் பிடிஎஸ்டி விண்ணப்பங்கள் ஏற்கப்பட்ட விகிதம் 2013-ல் 3.7 சதவீதம். சுற்றறிக்கைக்குப் பின் அது 45 சதவீதம் என்று யேல் மையத்தின் அறிக்கை கணக்கிட்டது. வீரர்கள் அதே மாதிரியான வீரர்கள். மாறியது வாரியம் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்வியை 2017 ஆகஸ்டில் வந்த இன்னொரு சுற்றறிக்கை நான்காகப் பிரித்துத் தந்தது. தவறுக்கு விளக்கமோ தணிப்போ ஆகக்கூடிய நோயோ அனுபவமோ இவருக்கு இருந்ததா? அது பணிக்காலத்தில் நேர்ந்ததா? அது உண்மையிலேயே இந்தத் தவறைத் தணிக்கிறதா? தணிக்கிறது என்றால், விடுவிப்பின் காரணத்தைவிட அது கனமானதா? பாலியல் வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானவர்களும் மூளைக்காயம் பட்டவர்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள். மரியாதையான விடுவிப்புக்கு அப்பழுக்கில்லாத பணி தேவையில்லை என்றும் அந்தச் சுற்றறிக்கை எழுதிவைத்தது. இந்த நான்கில் எதுவும் குற்றம் நடக்கவில்லை என்று சாதிப்பதற்கு உதவாது. நடந்தது நடந்ததுதான் என்று ஏற்றுக்கொண்டு, அதன் எடையைச் சரியாக நிறுக்கச் சொல்கின்றன. ஒரு குற்றவியல் நீதிமன்றத்தில் சாதாரணக் குற்றவாளிக்குத் தண்டனை விதிக்கும் முன் கேட்கப்படும் அளவுக்குக்கூட இவர்களிடம் கேட்கப்படவில்லை என்பதே இவ்வளவு காலம் இருந்த அநீதி.

காலம் திருத்திய தீர்ப்புகள்

இந்த முத்திரைகளை எந்தக் காலத்திலும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை என்று கொள்ள முடியாது என்பதற்கு அமெரிக்க ராணுவத்தின் வரலாறே சாட்சி. டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் 1906-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்காக, 25-வது காலாட்படையைச் சேர்ந்த 167 கறுப்பின வீரர்களை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் நீதிமன்ற விசாரணை ஏதும் இல்லாமல் மரியாதையின்றி வெளியேற்றினார். ராணுவம் அந்த உத்தரவைத் திருத்தியது 1972-ல். அதற்குள் 66 ஆண்டுகள் ஓடிவிட்டன. இழப்பீடு 25,000 டாலரைக் கையில் வாங்க உயிரோடு எஞ்சியிருந்தவர் டார்ஸி வில்லிஸ் என்ற முதியவர். இரண்டாம் உலகப் போரில் நீலத் தாளில் அச்சிட்ட ‘நீல விடுவிப்பு’ என்று ஒன்று இருந்தது. தரைப்படை 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை அப்படி 48,603 பேரை அனுப்பியது. படையில் 6.5 சதவீதமே இருந்த கறுப்பின வீரர்கள் இதில் 22 சதவீதத்துக்கும் மேல். ஒருபாலீர்ப்பு உள்ளவர்களைத் தள்ளவும் இதுவே கருவியானது. அவர்களைத் தடுத்த கடைசிக் கொள்கை 2011 செப்டம்பரில் நீங்கும்வரை, அந்தக் கொள்கையின் கீழ் மட்டும் சுமார் 13,000 பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் ‘ஒழுங்கீனம்’ என்று அச்சானது, இன்னொரு காலத்தில் அரசே மன்னிப்புக் கேட்கும் அநீதியாக ஆகிவிட்டது.

எதிர்வாதங்கள்

மறுஆய்வை எதிர்ப்பவர்களின் வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. முதல் வாதம், நல்லபடியாகப் பணியாற்றியவர்களைப் பற்றியது. அதே குண்டுவெடிப்பைப் பார்த்து, அதே தூக்கமில்லாத இரவுகளைக் கழித்து, ஒரு நாளும் வரம்பு மீறாதவர்கள் எத்தனையோ பேர். தவறியவருக்கும் அதே மரியாதை என்றால் இவர்களுடைய கட்டுப்பாட்டுக்கு என்ன மதிப்பு? கேள்வி நியாயமானது. ஆனால், காயம் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. ஒரே வெடிப்பில் ஒருவர் காலை இழக்கிறார், பக்கத்தில் நின்றவர் கீறலோடு தப்புகிறார். தப்பியவர் நடக்கிறார் என்பதற்காகக் காலிழந்தவரை யாரும் கடிந்துகொள்வதில்லை. மனதின் காயத்துக்கும் அதே நீதி பொருந்தும். அடுத்த வாதம் படையின் கட்டுப்பாடு பற்றியது. தண்டனை பின்னாளில் மாறும் என்று தெரிந்தால் யார் உத்தரவுக்கு அஞ்சுவார்கள் என்கிறார்கள். பதவி இறக்கம், சம்பளப் பிடித்தம், காவல், படையை விட்டு நீக்கம் ஆகிய எதையும் மறுஆய்வு அந்த நேரத்தில் தடுப்பதில்லை. தவறியவரைப் படையிலிருந்து அனுப்பும் அதிகாரம் தளபதியிடமே இருக்கிறது. ஐம்பது வயதிலும் அவருக்கு மருத்துவமனைக் கதவு அடைபட்டிருப்பதால் இன்றைய படையின் கட்டுப்பாட்டுக்கு யாதொரு லாபமும் இல்லை.

பொய் சொல்லி ஏமாற்றுவார்களே என்பது மூன்றாவது. ஏமாற்ற முயல்பவர்கள் எந்தத் திட்டத்திலும் இருப்பார்கள். அதற்காகத்தான் நோய் பணிக்காலத்தில் இருந்ததா, அது தவறோடு பொருந்துகிறதா என்ற கேள்விகள் இருக்கின்றன. தாராளப் பரிசீலனை என்றால் கேட்டவருக்கெல்லாம் தரம் உயரும் என்று பொருளில்லை. சுற்றறிக்கையே அதைத் தெளிவாகச் சொல்கிறது. நான்காவது வாதம்தான் கடினமானது. தவறுக்கு ஆளான இன்னொருவர் இருக்கும்போது என்ன செய்வது? சக வீராங்கனையைச் சீரழித்தவரும், பொதுமக்களைக் கொன்றவரும் போரின் அதிர்ச்சியைக் காரணம் காட்டினால்? அங்கே கோடு கிழித்தாக வேண்டும், கிழிக்கப்பட்டும் இருக்கிறது. திட்டமிட்டுச் செய்த குற்றத்தை மனநோய் பொதுவாகத் தணிக்காது என்பது விதி. நோயின் வேதனையை அடக்கப் போதையை நாடியதை மட்டும் கருத்தில் கொள்ளலாம் என்று அதே விதி பிரித்துச் சொல்கிறது. நான்காவது கேள்வி பாதிக்கப்பட்டவரின் துயரத்தையும் தராசில் வைக்கும் இடம். கொடிய குற்றங்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லி, கஞ்சா பிடித்தவரையும் முகாமுக்குத் திரும்பாதவரையும் அதே வரிசையில் நிறுத்துவதுதான் தவறு.

நம் நாட்டுக்கும் இது அந்நியமான விவகாரம் இல்லை. இந்தியத் தரைப்படையில் சில தண்டனைகள் வீரரின் பதிவேட்டில் சிவப்பு மையால் ஏறும். அப்படி நான்கு பதிவுகள் சேர்ந்தால், ‘படைக்கு வேண்டாதவர்’ என்று ராணுவ விதி 13-ன் கீழ் அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு பணி வேண்டும் என்பதால், சில ஆண்டுகள் பாக்கியிருக்கும்போது வரும் இந்த உத்தரவு குடும்பத்தையே சாய்த்துவிடும். நீதிபதி டி.எஸ்.தாக்கூர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2015-ல் இதைப் பரிசீலித்தது. நான்கு சிவப்புப் பதிவுகளை எண்ணி இயந்திரம்போல் அனுப்பக் கூடாது, முதலில் நடுநிலையான விசாரணை வேண்டும், எத்தனை ஆண்டு பணியாற்றினார், எத்தகைய கடினமான இடங்களில் நின்றார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏழு சிவப்புப் பதிவுகள் இருந்த இன்னொரு வீரரின் விடுவிப்பை 2019-ல் அதே நீதிமன்றம் சரி என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு இல்லை. தவறைக் கூட்டிப் பார்ப்பது தப்பில்லை. கூட்டலோடு நின்றுவிடுவதுதான் தப்பு.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. நான்கு கேள்விகளைப் பதினைந்து ஆண்டு கழித்து வாரியத்தில் கேட்பதைவிட, விடுவிப்பு உத்தரவில் தளபதி கையெழுத்திடும் முன் கேட்பதே சரி. அன்று மருத்துவர் பக்கத்தில் இருக்கிறார், சாட்சிகள் இருக்கிறார்கள், கோப்பும் தொலையாமல் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை இல்லாத விடுவிப்பு செல்லாது என்று சட்டத்தில் எழுதினால், பரிசோதனை ஏட்டளவில் நிற்காது. பழைய கோப்புகளைப் பொறுத்தவரை, ஆவணங்கள் அரசிடம் இருக்கும்போது விண்ணப்பத்தின் சுமையை வீரர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? வீடில்லாமல், வழக்கறிஞருக்கு வழியில்லாமல் இருப்பவர்தான் விண்ணப்பிக்கத் திணறுபவர். அவருக்குத்தான் தேவையும் அதிகம். அரசு தானாக முன்வந்து செய்ய முடியும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. ஒருபாலீர்ப்புக்காக வெளியேற்றப்பட்டவர்களில் மரியாதை மறுக்கப்பட்டவர்களின் கோப்புகளை, அவர்கள் விண்ணப்பிக்காமலேயே பெண்டகன் எடுத்துப் பார்த்து, 800-க்கும் மேற்பட்டோரின் தரத்தை உயர்த்தியதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. மருத்துவக் கோப்பில் மனக்காயம் பதிவாகியிருந்தும் மோசமான முத்திரையோடு அனுப்பப்பட்ட எல்லோருக்கும் அதையே செய்யலாம். ஒருவரைப் போருக்கு அனுப்ப ஒரு நாட்டுக்கு அதிகாரம் இருக்கிறது என்றால், திரும்பி வந்தவர் ஏன் தடுமாறினார் என்று கேட்கும் பொறுப்பும் அந்த நாட்டுக்கே உண்டு. அதைக் கேட்காமல் இட்ட முத்திரை எதுவும் இறுதியானதாக நிற்கக் கூடாது.